கேள்வி–பதில்: கடல் கடந்த இரட்டையர்

ஷேக்ஸ்பியரின் 'காமெடி ஆஃப் எரர்ஸ்' முதலில் எங்கே அரங்கேறியது?
(நாகர்கோவில் வாசகர்)

பதிவில் உள்ள முதல் ஆட்டம் 1594 டிசம்பர் 28 இரவு. இடம், லண்டனில் சட்டம் படிப்போர் கூடும் கிரேஸ் இன் மண்டபம். கூட்டம் மேடைவரை ஏறிவிட்டது. சிறப்பு விருந்தினர்களாக வந்தவர்கள் முகம் சுளித்து எழுந்து போய்விட்டார்கள். அதன் பிறகுதான் நாடகம் நடந்தது. அந்த இரவுக்கே 'பிழைகளின் இரவு' என்று பெயர் விழுந்தது.

அப்படி என்ன கதை அது?
(தோவாளை வாசகி)

முதலாளிகள் இரட்டையர், அவர்களுடைய வேலைக்காரர்களும் இரட்டையர். கப்பல் உடைந்து ஆளுக்கொரு திசையாகப் பிரிகிறார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் முகமும் ஒன்று, பெயரும் ஒன்று. பல வருடம் கழித்து ஒருவன், தன் சகோதரன் வாழும் எபேசு நகருக்கு வேலைக்காரனோடு வந்து சேர்கிறான். சகோதரனின் மனைவி இவனைத் தன் புருஷன் என்றே நினைத்து வீட்டுக்கு இழுத்துப்போய்ச் சோறு போடுகிறாள், கதவையும் சாத்தச் சொல்கிறாள். உண்மையான புருஷன் பசியோடு வந்து தட்டுகிறான். உள்ளே காவலுக்கு நிற்கும் வேலைக்காரன் திறக்க மறுத்துத் தன் பெயரைச் சொல்கிறான். வெளியே நிற்கும் வேலைக்காரனுக்கும் அதே பெயர்! என் வேலையையும் பெயரையும் சேர்த்துத் திருடிவிட்டானே என்று அவன் கத்துகிறான்.

தட்டானின் கதை இன்னும் அருமை. சங்கிலியை ஒருவனிடம் கொடுத்துவிட்டு, காசை மற்றவனிடம் கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயம், இவன் மறுப்பதும் நியாயம். இத்தனைக்கும் நடுவே இரட்டையரின் தகப்பனுக்கு அன்று பொழுது சாய்வதற்குள் தலை போகவேண்டும் என்று தீர்ப்பாகியிருக்கிறது. அந்தப் பயம் அடியில் ஓடுவதால்தான் சிரிப்புக்கு இவ்வளவு கனம்.

நம் பக்கம் இந்த நாடகம் வந்ததா?
(பத்மநாபபுரம் மாணவர்)

அடுத்த வாசல்வரை வந்தது. 1866-இல் கல்லூர் உம்மன் பிலிப்போஸ் இதை 'ஆள்மாறாட்டம்' என்று மலையாளத்தில் எழுதினார். மலையாளம் ஷேக்ஸ்பியரைச் சந்தித்தது இந்தச் சிரிப்பு நாடகத்தின் வழியாகத்தான். 1869-இல் வித்யாசாகர் வங்காளத்தில் உரைநடைக் கதையாக்கினார். அங்கிருந்து சினிமாவுக்கும் போய், 1982-இல் குல்சாரின் இந்திப் படம் 'அங்கூர்' ஆனது. தமிழில் நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் வேறொரு நாடகமான 'ஆஸ் யூ லைக் இட்'டை 'விரும்பிய விதமே' என்று தந்தார். ஆளும் ஊரும் தமிழாக மாறியதால்தான் அவர் நாடகங்கள் மேடையில் நின்றன.

ஆண்கள் பெண் வேடம் கட்டியது நம்மூர் வழக்கம்தானே?
(பூதப்பாண்டி வாசகர்)

ஷேக்ஸ்பியர் ஊரிலும் அதே வழக்கம்தான். அங்கே 1660 வரை தொழில்முறை மேடையில் பெண்கள் கிடையாது, பையன்கள்தான் நாயகிகள். நம் பாய்ஸ் கம்பெனிகளும் அப்படியே. பம்மலாரின் சுகுண விலாச சபையில் நாயகி வேடங்களில் புகழ்பெற்ற ரங்கவடிவேலு ஒரு வக்கீல். டி.கே. சண்முகம் ஔவைப் பாட்டியாக நடித்து 'ஔவை சண்முகம்' ஆனார். நம் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன் வளர்ந்ததும் சண்முகமும் அவர் சகோதரர்களும் நடத்திய டி.கே.எஸ். குழுவில்தான்.

ஷேக்ஸ்பியர் பிறந்த மண்ணில் தமிழ் ஒலித்திருக்கிறதா?
(குளச்சல் கல்லூரி மாணவி)

ஒலித்திருக்கிறது. 2006-இல் டிம் சப்பிள் இயக்கிய 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்', இந்திய, இலங்கை நடிகர்களோடு ஸ்ட்ராட்ஃபோர்டு மேடை ஏறியது. அதில் பேசப்பட்ட பல மொழிகளில் தமிழும் ஒன்று.

2012-இல் லண்டன் குளோப் அரங்கில் 37 நாடகங்கள் 37 மொழிகளில் நடந்தன. இரட்டையர் நாடகத்தைத் தாரி மொழியில் ஆடியவர்கள் காபூல் கலைஞர்கள். 2011 ஆகஸ்டில் காபூலின் பிரிட்டிஷ் கவுன்சில் தாக்கப்பட்டதால், அவர்கள் ஒத்திகையை பெங்களூரில் வைத்துக்கொண்டார்கள். குண்டுவெடிக்கும் ஊரிலிருந்து சிரிப்பைச் சுமந்துகொண்டு வந்த அந்தக் கலைஞர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இந்தியும் குஜராத்தியும் அந்த விழாவில் இருந்தன. தமிழ் இல்லை.

அந்தக் குறையை நீங்கள் தீர்க்கலாம், மகளே. கப்பல் உடைய உங்கள் குளச்சல் கடல் இருக்கிறது, தட்டானுக்குக் கோட்டாறு கடைத்தெரு இருக்கிறது, வாய்ச்சண்டைக்கு நாஞ்சில் தமிழைவிட வேறென்ன வேண்டும்? கல்லூரித் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு காட்சியை, அந்தக் கதவு தட்டும் காட்சியை, முதலில் எழுதிப் பாருங்கள். ஆண்டு விழாவில் போடும்போது எனக்கும் ஒரு அழைப்பிதழ் அனுப்புங்கள்.