எலுமிச்சைக் கணக்கு

நேபாளம் போய்வந்த அக்கா மகன், நேவார் கிராமம் ஒன்றில் தாந்திரிக அம்மன் கோயில் பார்த்ததாக ஒரு மணி நேரம் போனில் படம் காட்டினான். "இங்கெல்லாம் அந்த மாதிரி கிடையாது மாமா."

அம்பத்தூரிலேயே ஐம்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்குப் பொறுக்குமா? "நம்ம மாங்காடு அம்மன் கோயில் என்னடா?" என்றேன்.

"அது வெள்ளிக்கிழமைக் கோயில் ஆச்சே!"

மாங்காட்டில் பிரதான பூஜையே அர்த்தமேரு ஸ்ரீசக்கரத்துக்குத்தான். ஆதிசங்கரர் பிரதிஷ்டை என்பது ஐதீகம். மூலிகையால் ஆனது, அதனால் அபிஷேகம் கிடையாது, குங்கும அர்ச்சனைதான். இதைவிடத் தாந்திரிகத்துக்கு எங்கே போவது? ஆனால் பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடுகிற தூரத்தில் இருந்தால் எதற்கும் மரியாதை இல்லை.

அங்கேதான் அம்மன் பஞ்சாக்கினி நடுவே இடது கால் கட்டைவிரலில் நின்று தவம் செய்தாள். சிவன் வந்தார். வந்தவர் சுக்கிராச்சாரியாருக்குக் காட்சி கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு அம்மனைக் காஞ்சிபுரம் போகச் சொல்லிவிட்டார். வரிசையில் நின்று நின்று முன்னால் வந்ததும், "இந்த கவுன்ட்டர் இல்லீங்க" என்பார்களே, அதே கதை. சீர் மோதிரத்தோடு வந்த அண்ணன் பெருமாள் இன்னும் மோதிரமும் கையுமாக அந்த ஊரிலேயே இருக்கிறார். புறப்பட்ட அவசரத்தில் அம்மன் தீயை அணைக்கவில்லை, ஊரே தகித்தது, அதைத் தணிக்கத்தான் சங்கரர் ஸ்ரீசக்கரம் வைத்தாராம். பூட்டிய வீட்டைத் திறந்து கேஸை அணைத்தோமா என்று பார்க்கிற என் மனைவிக்கு இந்தக் கட்டம் மட்டும் மனப்பாடம்.

அக்கா மகனுக்குப் பெண் அமையவேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். நின்றது அவள், மாங்காட்டு ஆறு வார வேண்டுதலுக்கு நடந்தது நான். இரண்டு எலுமிச்சை கொடுத்தால் அர்ச்சகர் ஒன்றைத் திருப்பித் தருவார். அதைப் பூஜை அலமாரியில் வைத்திருந்து அடுத்த வாரம் கொண்டுபோக வேண்டும். மூன்று வாரம் சுத்தமாகப் போயிற்று. நாலாவது வாரம் கிளம்பும்போது அலமாரியில் பழத்தைக் காணோம்.

"அதுவா? வாடிக் கிடந்தது மாமா. சர்பத் போட்டுட்டேன்." கையில் டம்ளரோடு நிற்கிறான், நேபாளத்துத் தாந்திரிக நிபுணன்.

கோயில் வாசல் பூக்கார அம்மாவிடம் பரிகாரம் கேட்டேன்.

"குடிச்சது யாரு?"

"கல்யாணப் பையன்தாம்மா."

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது. மீதிக்கு முதல் வாரத்துலேர்ந்து ஆரம்பி சார்" என்று கூடையில் தேடி, நல்ல கெட்டிப் பழமாக இரண்டு எடுத்து நீட்டினாள்.