ஒட்டுப் புணரியல்

வேர்ட் ஆவணத்தில் எழுதியதை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டும்போது நேரும் மாற்றங்களை ஆராய்வது ஒட்டுப் புணரியல். மின்னஞ்சலில் ஏற்கெனவே தட்டி வைத்திருப்பது நிலைமொழி; வேர்டிலிருந்து வந்து சேர்வது வருமொழி. இரண்டும் மாற்றமின்றிச் சேர்ந்தால் அது இயல்புப் புணர்ச்சி. இதற்கு எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மற்றவை எல்லாம் விகாரப் புணர்ச்சி. தோன்றல், திரிதல், கெடுதல் என நன்னூலில் பவணந்தியார் சொன்ன மூன்று விகாரங்களும் இங்கே பிசகாமல் பொருந்துகின்றன. 13-ஆம் நூற்றாண்டில் அவுட்லுக் இல்லை என்பதை நினைத்தால் இது வியப்புக்குரியது.

விகாரத்துக்குக் காரணம் வருமொழி தனியே வராததுதான். 1970-களின் நடுவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்ஸி என்ற எழுத்துச் செயலியை உருவாக்கி, வெட்டி ஒட்டும் முறையைப் புகுத்தினார்கள். கத்தரிக்கோலும் பசையும் செய்த வேலையைக் கணினி செய்ய வேண்டும் என்பதே நோக்கம். பிற்காலத்தில் நகல்பலகை வளர்ந்தது. இன்று ஒரு வரியை நகலெடுத்தால், அதே வரி வெறும் எழுத்தாகவும், ஆர்டிஎஃப் ஆகவும், எச்டிஎம்எல் ஆகவும் பல கோலங்களில் அங்கே காத்திருக்கும். ஒட்டிக்கொள்ளும் செயலி தனக்குப் புரிகிறவற்றில் ஆடம்பரமானதையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. ‘நலம்’ என்ற ஒற்றைச் சொல்லை அழைத்தால், அது எழுத்துரு விவரம், பத்தி இடைவெளி, ஓர அளவு, வண்ணக் குறிப்பு என்று சீர்வரிசைத் தட்டுகளோடு படியேறுகிறது. நீண்ட கடிதமானால் தட்டுகளின் எடையே வினையாகும்: 102 கிலோபைட்டைத் தாண்டும் கடிதத்தை ஜிமெயில் நடுவில் நறுக்கி, மிச்சத்தைத் தனியே திறந்து பார்க்கச் சொல்லிவிடும்.

தோன்றல் எளியது. இல்லாத வெற்று வரிகள் தோன்றும். வேர்ட் 2007 முதல் பத்திக்குப் பின் இடைவெளியைத் தானே விடுகிறது. பழைய பழக்கத்தில் எண்டரை இருமுறை தட்டுகிறவரின் கடிதத்தில் அது இரட்டிப்பாகி, பத்திகள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்போல் விலகி நிற்கும். வலைப்பக்கத்திலிருந்து எடுத்த வரிக்குப் பின்னால் சாம்பல் நிறத் திரையும் தோன்றுவதுண்டு.

திரிதல் விரிவானது. நிலைமொழி ஏரியலில் இருக்க வருமொழி காலிப்ரியில் வருவது பொதுத் திரிபு. வேர்டில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி எழுத்துருவும் தனித்தனி அளவும் இருப்பதால், இருமொழிக் கடிதத்தில் ஒரே வாக்கியம் குட்டையும் நெட்டையுமாக வந்து சேரும். இத்திரிபுக்குச் சமூகப் பயனும் உண்டு. வேலைக்கான விண்ணப்பத்தில் நிறுவனத்தின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில் இருந்தால், “தங்கள் நிறுவனம் ஒன்றையே கனவு கண்டேன்” என்ற வரி இதுவரை எத்தனை நிறுவனங்களுக்குப் போயிருக்கும் என்பதைப் பெறுநர் ஊகித்துக்கொள்ளலாம்.

வளைந்த மேற்கோள் குறியின் திரிபு இன்னும் நுட்பமானது. யூடிஎஃப்-8 முறையில் அக்குறி மூன்று பைட்டுகள் கொண்டது. பெறுகிற இடத்தில் அதைப் பழைய விண்டோஸ் குறியீட்டில் படித்தால் பைட்டுக்கு ஓர் எழுத்தாக மூன்று எழுத்துகள் முளைக்கும். மூடும் ஒற்றை மேற்கோள் குறிக்கு அவை: கூரை போட்ட ஏ, யூரோ நாணயக் குறி, வணிகச் சின்னக் குறி. பழைய அவுட்லுக்கில் புன்னகைக் குறி இட்டாலோ, அது விங்டிங்ஸ் எழுத்துருவின் சிரித்த முகமாக மாறும். அந்த எழுத்துருவில் சிரித்த முகம் உட்கார்ந்திருப்பது ஆங்கில ‘ஜே’யின் இருக்கையில். ஆகவே விங்டிங்ஸ் இல்லாத கணினியில் சிரிப்பு மறைந்து ஜே மட்டும் நிற்கும். மேலாளரின் பெயரை அடுத்து வரும் ஜேயைப் பெறுநர் கோஷமாக எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கெடுதலில் தானியங்கி எண்கள், உள்தள்ளல், அட்டவணைக் கோடுகள் கெடும். தமிழருக்கே உரிய கெடுதல் ஒன்று உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துகளை. அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுவது எழுத்துரு. ஒட்டும்போது முகமூடி கழன்றால், ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆகிவிடும். (இங்கும் ஜே.) தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுவிட்டது. ஆனால் பழைய கோப்புகள் அரசாணை படிப்பதில்லை.

நோயாளிக்குத் தன் நோய் தெரியாதிருப்பது இத்துறையின் தனிச் சிக்கல். 2007 முதல் விண்டோஸ் அவுட்லுக் கடிதங்களைக் காட்ட வேர்டின் இயந்திரத்தையே பயன்படுத்தி வந்ததால், வேர்டிலிருந்து ஒட்டியது அனுப்பியவர் திரையில் இயல்பாகவும் அடுத்தவர் கைபேசியில் விகாரமாகவும் தெரியும். தனக்கே ஒரு பிரதி அனுப்பிக் கைபேசியில் திறந்து பார்ப்பதே நாடி பிடித்தல்.

பழைய சிகிச்சை நோட்பேடில் முக்கி எடுப்பது. ஒட்டி, மீண்டும் நகலெடுத்தால் சீர்வரிசை கழன்று எழுத்து மட்டும் மிஞ்சும். (விண்டோஸ் 11-இன் நோட்பேடும் அண்மையில் தடித்த எழுத்து கற்றுக்கொண்டுவிட்டது, குளிப்பாட்டுகிறவரே பவுடர் பூசத் தொடங்கியதுபோல.) ஜிமெயில் முதலியவற்றில் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வருமொழி வாசலிலேயே கழுவப்படும். ஏற்கெனவே ஒட்டியதற்கு ஜிமெயிலில் கண்ட்ரோலும் பின்சாய்வுக் கோடும் மருந்து. வெறும் எழுத்தாக ஒட்டுவதில் பக்கவிளைவு உண்டு: தடித்த எழுத்தும் இணைப்பும் சேர்ந்தே போகும். முகவரி போய் “இங்கே சொடுக்கவும்” மட்டும் நின்றால் எங்கே சொடுக்குவது? வளைந்த மேற்கோள் குறி எந்தக் குளியலிலும் கரையாது. அதை வேர்டின் தானியங்கித் திருத்தத்திலேயே நிறுத்த வேண்டும். பாமினிக்கோ இச்சிகிச்சையே நஞ்சு. முதலில் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டலாம். அட்டவணை தீராத நோய். பிடிஎஃப் ஆக்கி இணைத்துவிடுவது மேல்.

புறனடை: எழுத்துருவும் அளவும் இடைவெளியும் அணுவும் பிசகாமல் ஒட்டி, செல்விக்கு அனுப்பிய கடிதம் “அன்புள்ள குமார்” என்று தொடங்கினால் அது இவ்வியலில் அடங்காது. அங்கு நடந்தது இயல்புப் புணர்ச்சியே.