கோட்டுக்கு அங்கிட்டு நின்னவன்

என்னப்பு, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்க? ரெஃப்ரி ஏமாத்திட்டானாமே? "அந்தரத்துல இருந்தேன், காலு வெளிய படவே இல்ல"ன்னு டீக்கடை வரைக்கும் சொல்லிட்டு வந்திருக்க. பந்தப் பிடிச்சப்ப அந்தரத்துலதான் இருந்த, ஒத்துக்கிறேன். எங்க நின்னு எம்புன? அதை மட்டும் டீக்கடையில சொல்லலையே!

பெரியகுளத்துக்காரன்டா நான். அகில இந்தியப் போட்டி நடக்குற ஊருல வேட்டி கட்டத் தெரியாதவனுக்குக்கூட பாஸ்கெட்பால் ரூலு தெரியும். 5 சென்டிமீட்டர் அகலத்துல போட்டிருக்கானே கோடு, அது வெளிய சேர்த்தி. நுனிக்கால் பட்டாலும் நீ வெளியாளு. வெளிய நின்னு எம்புனவன், உள்ள தரையில காலு படுற வரைக்கும் வெளிய நிக்கிறவன்தான். வீடு மாறப் போறேன்னு சொன்னதும் ரேசன் கார்டுல விலாசத்த மாத்திருவானா? போயிக் குடியேறணும்ல.

ரெண்டு காலையும் உள்ள ஊன்றணும்னு உங்க கோச்சு சொன்னாராக்கும்? ஒத்தக் காலு போதும், இன்னொண்ணு வெளிய தொடாம இருந்தாச் சரி. அவருக்கும் சேத்துச் சொல்லிரு, ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத. உள்ளயிருந்து வெளிய பாஞ்சு, தரையில விழுறதுக்குள்ள பந்தத் தட்டி உள்ள விட்டா அதுவும் செல்லும். என்ன, முழங்கை தேயும். அதான் நீ அந்தப் பக்கமே போறதில்ல.

நீ 1891-ல பொறந்திருக்கணும்டா. அமெரிக்காவுல ஸ்பிரிங்ஃபீல்டுன்னு ஒரு ஊரு. அங்க நெய்ஸ்மித் வாத்தியாரு 13 ரூலு எழுதுனாரு. வெளிய போன பந்த எவன் முதல்ல தொடுறானோ அவனே உள்ள எறியலாம்னு அதுல ஒண்ணு. பயலுக சும்மா இருப்பானுகளா? முட்டி மோதிக்கிட்டு ஓடுனானுக. பந்து மாடத்துல போயி விழுந்தா மாடிப்படி ஏறியும் ஓடுனானுக. கடைசியாத் தொட்டவனோட எதிர் டீமுக்கே பந்துன்னு 1913-ல மாத்துன பெறகுதான் சனியன் விட்டுச்சு.

உன் இன்னொரு தந்திரத்தையும் பாத்தேன். மறிக்கிறவனுக்குத் தெரியாம பேஸ்லைனுக்கு வெளிய சுத்திப்போயி, அங்கிட்டு மொளைச்சு பந்து வாங்குறது! அமெரிக்கக் காலேஜுப் பசங்க ஆட்டத்துல, தானா வெளிய போயிட்டு வந்தவன் முதல் ஆளாப் பந்தத் தொட்டா விசிலு. ஓடுன வேகத்துல தடுமாறி வெளிய போனவனுக்கு மன்னிப்பு உண்டு. நீ தடுமாறுன மாதிரி நடிச்சியே, அதுக்கு மன்னிப்பு கெடையாது. அம்புட்டுக் கேவலமா இருந்துச்சு.

மூணு பாயிண்டு ஆசையில மூலையில போயி நிக்கிறியே, அங்க மூணு பாயிண்டுக் கோட்டுக்கும் சைடு லைனுக்கும் நடுவுல இருக்குறதே 90 சென்டிமீட்டர்தான். ஷூ நம்பர் என்ன, பன்னெண்டா? பேசாம உள்ள வந்து ரெண்டு பாயிண்டுக்கு எறி. ரெஃப்ரிய வையாத.