மச்சானின் மலிவுப் பற்றரி

எங்கள் குடும்பத்தில் கறண்ட் சாமான் எதுவானாலும் முதலில் வாங்குவார்கள், பிறகுதான் என்னிடம் கேட்பார்கள். நான் ஒருகாலத்தில் கொழும்பில் ரேடியோ திருத்தினவன். கனடாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்தத் தகுதி காலாவதியாகவில்லை. மைக்ரோவேவ், கராஜ் கதவு, மாமியின் காது மெஷின் என்று என் ஆட்சிப் பரப்பு விரிந்துகொண்டே போகிறது. இந்தக் கோடையில் அதில் ஒரு லிதியம் பற்றரியும் சேர்ந்தது.

மனைவியின் தம்பி, பூக்கடைக்காரர் ஒருவர் பாவித்த ஃபோர்ட் ட்ரான்சிட் வானை வாங்கி, உள்ளே கட்டில், அலுமாரி, பேசின் எல்லாம் பூட்டிக்கொண்டிருந்தார். பனி கரைந்த நாளிலிருந்து ஸ்காபரோவில் அவர் வீட்டு முன்றலில் மரத்தூள்தான். பூவாசம் மட்டும் வானை விட்டுப் போகவில்லை. ஒரு நாள் போன் எடுத்தார்.

"அத்தான், பற்றரி வாங்கீட்டன்."

"என்ன விலை?"

"நீங்களே சொல்லுங்கோ பாப்பம்."

இந்தக் கேள்விக்கு எப்போதும் கூட்டித்தான் விடை சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் குடும்பம் பிரியும். "1,200" என்றேன்.

"280!"

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. பெயர்பெற்ற சில கம்பனிகளின் இதே அளவுப் பற்றரி ஆயிரம் டொலரைத் தாண்டும். இந்தக் கம்பனிக்குப் பெயர் ஆறு ஆங்கில எழுத்து, ஒன்றுகூட உயிரெழுத்தில்லை. வீட்டில் ஆளுக்கொரு விதமாக வாசித்தோம். யார் வாசித்ததையும் பிழை என்று சொல்ல முடியவில்லை. பெட்டியில் இன்னொரு வரியும் இருந்தது: 15,000 தரம் சார்ஜ் செய்யலாம்.

"நாளுக்கு ஒருக்கா எண்டாலும் 41 வருசம்" என்றேன். "உமக்கு இப்ப 52."

மச்சான் சற்று யோசித்தார். "அப்ப பெடியனுக்கு எழுதி வைக்கலாம்."

உத்தரவாதம் 5 வருடம் என்று அதே பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அதை அவர் வாசிக்கவில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை.

நேரில் போனபோது ஆள் கொஞ்சம் கலங்கிப்போயிருந்தார். காரணம், பற்றரியை ஒற்றைக் கையால் தூக்க முடிந்தது. பாரமில்லாத சாமான் நல்ல சாமானில்லை என்பது எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஊறிய சட்டம். இதே கொள்ளளவுள்ள ஈயப் பற்றரி 30 கிலோ வரும், முதுகு பிடிக்கும். ஆனால் அந்த 30 கிலோவில் பாதிச் சக்தியைத்தான் நிம்மதியாகப் பாவிக்கலாம்; மிச்சத்தையும் உறிஞ்சினால் அது சீக்கிரம் செத்துவிடும். லிதியம் ஏறக்குறைய முழுவதையும் தரும். குளியலறைத் தராசில் வைத்தோம். பத்தரைக் கிலோ. உள்ளே நாலு செல், ஒவ்வொன்றும் சுமார் இரண்டு கிலோ, அதோடு பெட்டியும் கட்டுப்பாட்டுப் பலகையும். கணக்குச் சரி. எட்டுக் கிலோ காட்டியிருந்தால் பெட்டியைக் கட்டித் திருப்பி அனுப்பச் சொல்லியிருப்பேன்.

மாமியின் கவலை வேறு. மின்சைக்கிள் பற்றரி வெடித்து மாடிக் கட்டடம் புகைந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். "உதையோ கட்டிலுக்குக் கீழ வச்சுப் படுக்கப் போறாய்?"

மாமிக்கு இரசாயனம் சொல்வது என் பொறுப்பாகியது. மின்சைக்கிளில் பெரும்பாலும் இருப்பது நிக்கலும் கோபால்ட்டும் கலந்த லிதியம். இது லிதியம் இரும்பு பொஸ்பேற். இதில் ஒட்சிசன் பொஸ்பரசோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் லேசில் வெளியே வந்து தீயை வளர்க்காது. எரியவே எரியாது என்றில்லை, எரியவைப்பது கடினம். 1997இல் இதைப் பற்றி எழுதியவர்கள் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் குட்இனஃபும் அவருடைய குழுவிலிருந்த அக்ஷய பாடியும். குட்இனஃபுக்கு 2019இல் நோபல் கிடைத்தபோது வயது 97. இந்தப் பொருளில் கறண்ட் சரியாக ஓடாது என்ற குறையைக் கரிப்பூச்சு பூசித் தீர்த்ததில் கனடாவின் ஹைட்ரோ-கியூபெக்குக்கும் மொன்றியால் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு.

மாமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "97 வயசிலயோ குடுத்தவங்கள்?" என்றார். பற்றரி பற்றி அதன்பிறகு அவர் கேட்கவில்லை. ஒரு மனிதரை அவ்வளவு காலம் காக்க வைத்தார்களே என்ற கோபம்தான் மிஞ்சியது.

அமெரிக்காவில் வில் ப்ரௌஸ் என்றொருவர் இப்படியான பற்றரிகளை அறுத்துத் திறந்து யூடியூபில் காட்டுகிறார். நல்ல செல்லா, பழைய செல்லா, வயர் மெல்லிசா, ஒட்டு ஒழுங்கா என்று எல்லாம் தெரிந்துவிடும். மச்சான் வாளோடு வந்தார். "அறுத்துப் பாப்பமோ?"

"நல்ல பற்றரி எண்டு தெரிஞ்சாப் பிறகு என்ன செய்வீர்? ஒட்டுவீரோ?"

அறுக்காமல் சோதிக்க வழியிருக்கிறது, அதற்கு ஐஸ்பெட்டி வேண்டும். இந்த வகைப் பற்றரியைப் பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் லிதியம் கிராபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேல் உலோகமாகப் படிந்துவிடும். படிந்தது படிந்ததுதான், கொள்ளளவு போகும், சிலவேளை உள்ளுக்குள் ஷோர்ட்டும் ஆகலாம். கறண்ட் எடுப்பதற்குப் பயமில்லை, மைனஸ் 20 வரை தாங்கும். ஏற்றுவதில்தான் பிரச்சினை. நல்ல கட்டுப்பாட்டுப் பலகை குளிரை உணர்ந்ததும் சார்ஜை மறித்துவிடும். மலிவுச் சாமான்களில் சிலவற்றுக்கு அந்த உணரியே கிடையாது. சிலவற்றுக்கு விளம்பரத்தில் மட்டும் உண்டு. ஒன்ராறியோவில் ஜனவரி என்றால் பற்றரியை ஒரு இரவு முற்றத்தில் வைத்தால் போதும். நாங்கள் நின்றது ஜூலையில்.

ஆகவே அதைக் குப்பைப் பையில் சுற்றி, எங்கள் வீட்டு நிலவறை ஐஸ்பெட்டிக்குள், துருவின தேங்காய்ப்பூப் பைக்கற்றுகளை ஒதுக்கிவிட்டு இறக்கினேன். அடுத்த நாள் காலை மேலிருந்து மனைவியின் குரல் வரவில்லை, கீழிருந்தே வந்தது.

"இஞ்சேருங்கோ, சூடைக்கும் இறாலுக்கும் நடுவில இதென்ன?"

"பற்றரி."

"என்னத்துக்கு?"

"குளிரில என்ன செய்யுதெண்டு பாக்க."

"உங்கடயோ?"

"தம்பியின்ர."

"அப்ப இருக்கட்டும்" என்று சொல்லி, சூடையைப் பத்திரமாக அடுத்த தட்டுக்கு மாற்றினாள்.

அன்று பின்னேரம் வெளியே எடுத்து, வியர்த்துக்கொண்டிருந்த பெட்டியில் சார்ஜரைக் கொழுவி, வயரைச் சுற்றிக் கிளாம்ப் மீற்றரைப் பிடித்தேன். பூச்சியம். பற்றரி கறண்டை ஏற்க மறுத்தது. வாங்கின சாமான் வேலை செய்யவில்லை என்று மகிழ்ந்து கைகொடுத்துக்கொண்டவர்கள் அன்றைக்கு ஸ்காபரோவிலேயே நாங்கள் இருவர்தான். மணித்தியாலங்கள் கழித்து, உள்குளிர் இறங்கியபின், மீற்றரில் 10 ஆம்பியர் ஏறியது.

அடுத்தது கொள்ளளவு. முழுக்கச் சார்ஜ் செய்து, 20 ஆம்பியர் இழுக்கும்படி மின்விசிறியும் பல்புகளும் கொழுவி, போன ஆம்பியரை எண்ணும் ஷண்ட் மீற்றரைப் பார்த்தபடி பற்றரி தானாக நிற்கும் வரை ஐந்து மணித்தியாலம் இருந்தோம். 100 என்று எழுதியிருந்தது 101 தந்தது. மச்சான் அந்தத் திரையைப் படம் பிடித்து, லண்டன், பாரிஸ், வவுனியா எல்லா இடமும் அனுப்பினார். "வாழ்த்துகள்" என்று பாரிஸிலிருந்து பதில் வந்தது. எதற்கு வாழ்த்து என்று அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

ஷண்ட் மீற்றர் ஏன், வோல்ட் பார்த்தால் போதாதா என்றார் மச்சான். ஈயப் பற்றரிக்குப் போதும், இறங்க இறங்க வோல்ட்டும் இறங்கும். இது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மாதிரி: கடைசிவரை "எனக்கொரு குறையுமில்லை" என்று 13.2இலேயே நின்றுவிட்டு, திடீரென்று விழுந்துவிடும்.

ஆக, பற்றரி பாஸ். நான் பயந்தது அடுத்த கட்டத்துக்கு. மச்சானின் மனைவி ஒரு பட்டியல் கொண்டுவந்தார்: பிரிட்ஜ், ரைஸ் குக்கர், சம்பல் அரைக்கக் கிரைண்டர், தலை காயவைக்கும் மெஷின், கறண்ட் கேத்தல்.

"கேத்தல் எத்தினை வாட்?"

"1,500."

இன்வேர்ட்டரின் சேதாரத்தையும் சேர்த்தால், அந்தக் கேத்தல் பற்றரியிலிருந்து இழுப்பது சுமார் 130 ஆம்பியர். கட்டுப்பாட்டுப் பலகையின் எல்லை 100. பொத்தானை அமத்தியதும் தேத்தண்ணி வராது, இருட்டுத்தான் வரும். இரண்டு பற்றரி சமாந்தரமாகப் போட்டால் இழுக்கும். ஆனால் ஒரு லீற்றர் தண்ணி கொதிக்கச் சேதாரத்தோடு 120 வாட்-மணி வேண்டும். ஒரு பற்றரியில் இருப்பது 1,280. பிரிட்ஜையும் லைட்டையும் நிப்பாட்டிவிட்டு இருட்டில் இருந்தால், பற்றரி ஒன்றுக்குப் பத்து லீற்றர் சுடுதண்ணி. எங்கள் ஆட்கள் ஆறு பேர் ஒரு வானில் போனால் அது ஒரு நாள் தேத்தண்ணிக்கே காணாது, மாமியும் வந்தால் பின்னேரத்துக்கு முன் முடியும். இந்த விசயத்தில் ஆயிரம் டொலர்ப் பற்றரியும் இதே கணக்குத்தான் சொல்லும். மலிவு, விலை இரண்டுமே கேத்தலிடம் தோற்கும்.

"அப்ப தேத்தண்ணி?"

"காஸ் அடுப்பு."

"முன்னமே சொல்லியிருக்கலாமே!"

பட்டியலில் பிரிட்ஜ் மட்டும் மிஞ்சியது. 12 வோல்ட் பிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடும், ஒரு நாளைக்கு 40 ஆம்பியர்-மணி வாக்கில் எடுக்கும். அதற்கும் லைட்டுக்கும் போனுக்கும் இந்தப் பற்றரி தாராளம்.

அதைச் சார்ஜ் செய்ய மச்சான் நேரே எஞ்சினிலிருந்து வயர் இழுக்கப் போனார். மறித்தேன். லிதியம் கறண்டைத் தயங்காமல் விழுங்கும். ஓல்டனேற்றர் முழுமூச்சில் கொடுத்துக் கொடுத்துச் சூடாகிக் கருகிவிடும். இடையில் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்று வேண்டும், 30 ஆம்பியர். ஷோர்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் துப்பக்கூடிய பற்றரி என்பதால், கார்க் கடையில் தொங்கும் சின்னப் பியூஸ் சரிவராது. அந்தப் பெரிய கறண்டையும் அறுத்துவிடும் ரகம் வேண்டும். தடித்த செம்பு வயர், ஷண்ட் மீற்றர், சுவிட்ச். மாமி பயப்பட வேண்டியது பற்றரிக்கல்ல, மச்சான் அந்த வயரை எப்படிப் பூட்டுவார் என்பதற்கு. ஆகவே நானே பூட்டினேன். எல்லா ரசீதையும் கூட்டினோம். பற்றரியைச் சுற்றியுள்ள சாமான் பற்றரியின் விலையைப்போல் இரண்டரை மடங்கு.

"ஆனாலும் பற்றரி 280தான்" என்றார் மச்சான். அதை அவரிடமிருந்து யாராலும் பறிக்க முடியாது.

ஆகஸ்டில் குடும்பத்தோடு சாண்ட்பாங்ஸ் பூங்காவுக்குப் போனார்கள். ஷண்ட் மீற்றர் புளூடூத்தில் போனுக்குச் சதவீதம் அனுப்பும் என்பதை நான்தான் காட்டிக்கொடுத்தேன். இரவு இரண்டு மணிக்கு என் போன் அடித்தது.

"அத்தான், 87இல நிண்டது. இப்ப 86."

"பிரிட்ஜ் ஓடுது."

"நிப்பாட்டவோ?"

"உள்ளுக்கு மீன் இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப நிப்பாட்டாதையும். போனை நிப்பாட்டிப்போட்டுப் படும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அத்தான், 85."