மதினிக்கு எப்போது ஓட்டு?

கேள்வி: பிரான்ஸில் பிறந்து, தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு, இருபது வருஷமாகக் குற்றாலச் சாரலில் நனையும் என் மதினிக்கு இந்தியக் குடியுரிமை வந்தபாடில்லை. ஏன் இந்த இழுபறி?
— இலஞ்சி வாசகர்

பதில்: மாமியார் ஏற்றுக்கொண்டால் போதுமா? 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் ஏற்க வேண்டுமே! இந்தியரை மணந்தவர் ஏழாண்டு இங்கே வசித்தபின் மனுப் போடலாம். மனுவுக்கு முந்தைய 12 மாதம் இந்தியாவை விட்டு நகரக் கூடாது. பெற்ற தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று ஓடினால்? விசேஷ காரணம் என்று மத்திய அரசு ஒப்புக்கொண்டால் 30 நாள் வரை மன்னிப்பு உண்டு. அம்மாவும் அதற்குள் குணமாகிவிட வேண்டும்!

கலெக்டர் ஆபீஸ் தாண்டி டெல்லி போகும் கோப்பு, ஐந்தருவித் தண்ணீர் மாதிரி விழாது. பிறந்த நாட்டுக் குடியுரிமையையும் துறக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை இங்கே கிடையாது. அதனால்தான் பலர் ஓசிஐ என்னும் ‘வெளிநாட்டு இந்தியக் குடிமகன்’ அட்டையோடு திருப்தியாகிவிடுகிறார்கள். அதில் ஓட்டு கிடையாது. தேர்தல் சமயத்தில் அது கொடுப்பினை என்பது என் கட்சி.

இந்த இழுபறி புதிதல்ல. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வாழ்ந்த பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் மலையாளி டாக்டர் எலிசபெத்தை மணந்தது 1948-இல். இந்தியரானது எண்பதுகளின் கடைசியில். சோனியா காந்தி 1968-இல் மருமகள், 1983-இல்தான் குடிமகள்.

செங்கோட்டைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு ஊரோடு மாறினார்கள். யாரிடமும் கல்யாணப் பத்திரிகை கேட்கவில்லை.