வீடு ஒன்று, வீலேன் நான்கு

நெட்வொர்க் இன்ஜினீயர் குடியிருக்கும் தெருவில் எல்லா வீட்டிலும் இன்டர்நெட் நன்றாக வரும். அவர் வீட்டில் மட்டும் எந்நேரமும் ‘வேலை நடந்துகொண்டிருக்கும்’. என் மகன் அந்த ரகம்.

எங்களுடையது தாம்பரம் பக்கம் ஒரு மாடி வீடு. கீழே நானும் என் மனைவியும், மாடியில் மகன், மருமகள், பேத்தி. மொட்டைமாடி அறையில் அவனுடைய ஆபீஸ். ஃபைபர்காரர் மாட்டிவிட்டுப் போன ஒற்றைப் பெட்டியிலிருந்து எல்லாருக்கும் வைஃபை வந்துகொண்டுதான் இருந்தது. மொட்டைமாடியில் மட்டும் கொஞ்சம் இழுக்கும். அதற்குத் தளத்துக்கு ஒன்றாக மூன்று மேனேஜ்டு ஸ்விட்சும் புதிதாக ஒரு ரௌட்டரும் வாங்கி வந்தான்.

“எல்லாம் ஒரே நெட்வொர்க்ல இருக்கிறது ஆபத்துப்பா. வாசல் கேமராவை எவனாவது ஹேக் பண்ணினா, அது வழியா என் ஆபீஸ் லேப்டாப் வரைக்கும் வந்துடுவான். அதனால வீலேன் போடப்போறேன்.”

வீலேன் என்றால் ஒரே கூரைக்குக் கீழே தனிக்குடித்தனம். ஒயர் பொது, ஸ்விட்ச் பொது. ஆனால் ஒரு குடித்தனத்தில் பேசுவது அடுத்ததன் காதில் விழாது. பேசியே ஆகவேண்டுமென்றால் ரௌட்டர் அனுமதிக்க வேண்டும். 1998இல் வந்த 802.1Q என்ற தரநிலைதான் இதற்குச் சட்டம். ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே போகும் ஒயருக்கு டிரங்க் என்று பெயர். அதில் எல்லாக் குடித்தனத்துச் சரக்கும் கலந்து போவதால், யாருடையது என்று தெரிய, ஃப்ரேம் என்ற ஒவ்வொரு பொட்டலத்திலும் 4 பைட் டேக் ஒன்றைச் செருகுகிறார்கள். அதில் எண்ணுக்கு 12 பிட். ஒதுக்கீடு போக 4,094 குடித்தனம் வைக்கலாம். நாங்கள் ஐந்து பேர்.

மகன் பெரிய மனது பண்ணி நான்கோடு நிறுத்திக்கொண்டான். 10 குடும்பத்துக்கு, 20 ஆபீஸுக்கு, 30 கேமரா, டிவி வகையறாவுக்கு, 40 விருந்தாளிகளுக்கு. பட்டியலை வாங்கிப் பார்த்தேன். என் போன் நாற்பதில் இருந்தது.

“அது பழைய போன்ப்பா. செக்யூரிட்டி அப்டேட் நின்னு ரொம்ப நாளாச்சு. நம்ப முடியாது.”

வீட்டுக் கடனைக் கட்டி முடித்தவன் விருந்தாளி. போன மாதம் வந்த டேப்லட் குடும்பம்.

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள், டிவியைப் போடும்வரை. தினமும் போனில் சமையல் வீடியோவைத் தட்டி டிவிக்கு அனுப்பிப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று போன், பக்கத்தில் டிவியே இல்லை என்று சாதித்தது. போன் இருப்பது பத்தில், டிவி இருப்பது முப்பதில். போன் 224.0.0.251 என்ற முகவரிக்கு “இங்கே டிவி யாராவது இருக்கிறீர்களா?” என்று குரல் கொடுத்துத்தான் டிவியைக் கண்டுபிடிக்கும். அந்தக் குரல் ரௌட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி.

“இத்தாம் பெரிசா எதிர்ல நிக்குது, இல்லைங்குதேடா!” என்றாள். கூப்பிடு குரலை இரண்டு பக்கமும் எதிரொலிக்கவென்றே எம்டிஎன்எஸ் ரிஃப்ளெக்டர் என்று ஒன்றை ரௌட்டரில் ஓடவிட்டு, ரௌட்டரிடம் தனியாக அனுமதியும் வாங்கிய பிறகுதான் அன்று வத்தக்குழம்பு தாளித்தது.

அடுத்தது மொட்டைமாடி கேமரா. படத்தைப் பதியும் பெட்டி கீழே இருக்கிறது. கீழ் ஸ்விட்சில் 30 இருந்தது, மேல் ஸ்விட்சிலும் 30 இருந்தது. படம் மட்டும் வரவில்லை. மகன் மாடிப்படியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, செல்போன் டார்ச்சைப் பல்லில் கவ்வியபடி, ஒயரைப் பிடுங்குவதும் சொருகுவதுமாக இருந்தான். மூன்று ஸ்விட்சிலும் விளக்கு பச்சையாகவே எரிந்தது. அந்தப் பச்சைக்கு ஒயர் உயிரோடு இருக்கிறது என்பதுதான் பொருள். உள்ளே யார் போகலாம், யார் போகக்கூடாது என்பதை அது சொல்லாது.

பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டே வந்த மருமகள், “நடு ஸ்விட்ச்ல முப்பது போட்டிருக்கீங்களா?” என்றாள்.

போடவில்லை. முதல் மாடியில் கேமரா இல்லையே, எதற்கு என்று விட்டிருந்தான். அந்த எண்ணைக் கேள்விப்பட்டிராத நடு ஸ்விட்ச், வந்த ஃப்ரேமையெல்லாம் சத்தமில்லாமல் கீழே போட்டுக்கொண்டிருந்தது. தனக்கு வேலையில்லாத எண்ணாக இருந்தாலும், வழியில் நிற்கும் ஸ்விட்ச் ஒவ்வொன்றுக்கும் அதைச் சொல்லிவைக்க வேண்டும். எண்ணைச் சேர்த்த மறு நிமிஷம் மொட்டைமாடியில் காயும் வடாம் திரையில் தெரிந்தது.

கேமராவைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று மகன் சொன்னது நியாயம்தான். ஆகவே இதில் இறங்கப்போகிறவர்களுக்கு என் யோசனை: நான்கெல்லாம் வேண்டாம், இரண்டு மூன்று எண் போதும். எந்த எண் யாருக்கு, எந்த போர்ட்டில் எது என்று ஒரு தாளில் எழுதி ஸ்விட்ச் பக்கத்திலேயே ஒட்டுங்கள். டிரங்க்கின் இரண்டு முனையிலும் ஒரே பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பெரியவரைக் குடும்பத்தில் சேருங்கள். அவருடைய போனை நம்ப முடியாதென்றால், புதுப் போன் வாங்கிக் கொடுங்கள்.