உறைபோட்ட கையும் தேய்த்துக் கழுவிய கையும்

தொற்றைத் தடுக்கும் கையுறைக்கு வேலை இரண்டு. அணிந்தவரின் கையிலுள்ள கிருமி நோயாளிக்கோ உணவுக்கோ போகாமல் மறிப்பது ஒன்று. இரத்தம், சளி, பச்சை மீன், இறைச்சி ஆகியவற்றிலுள்ள கிருமி அணிந்தவருக்கு வராமல் மறிப்பது மற்றது. கழுவாத கையை மறைப்பது என்ற மூன்றாவது வேலையை அதற்குக் கொடுத்தவை சாப்பாட்டுக் கடைகள். போருக்குப் பின் பாசிக்குடாவில் உல்லாச விடுதிகள் வரிசையாக எழும்பின. ஆனால் சனி, ஞாயிறுகளில் பஸ் பிடித்துக் குளிக்க வரும் சனத்துக்குச் சோறு போடுவது வாழைச்சேனையிலிருந்து கடற்கரைக்குப் போகும் வீதியோரக் கடைகளே. அப்படிப்பட்ட ஒரு கடையின் முதலாளிக்கும், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் உள்ளே நுழைந்து பார்க்கும் அதிகாரமுள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் இடையே நடக்கக்கூடிய உரையாடல் கீழே வருகிறது. ஆட்கள் இருவரும் கற்பனை. இடியப்பம் எடுத்த கையுறையோடு மிச்சக் காசு எண்ணிக் கொடுப்பது கற்பனை அல்ல.

முதலாளி: வாங்க சேர், இருங்க. இந்தமுற உங்களுக்கு எழுத ஒண்டும் கிடைக்காது. பொடியன்மார் எல்லாருக்கும் நீலக் கிளவுஸ்.

பரிசோதகர்: கண்டன் முதலாளி. எப்ப போட்டது?

முதலாளி: விடிய அஞ்சரைக்கு. இன்னும் ஒரு கிழிசல் இல்ல. நல்ல சாமான்.

பரிசோதகர்: இப்ப பதினொரு மணி. நான் வந்து நிண்ட நேரத்துக்குள்ள தம்பி இடியப்பம் எடுத்தார், லாச்சியத் திறந்தார், ஆயிரம் ரூபாத் தாள வாங்கினார், போனக் காதில வெச்சார், மூக்கச் சொறிஞ்சார். மறுகா இடியப்பம்.

முதலாளி: மூக்கச் சொறிஞ்சதும் கிளவுஸாலதானே சேர்? வெறுங்கையால சொறிஞ்சாத்தானே கிருமி கையில ஒட்டும்.

முதலாளியின் தருக்கத்தில் பாதி சரி. பொடியனின் கை தப்பிவிடும், இடியப்பம் தப்பாது. ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பக்டீரியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மனிதரின் மூக்கில் எந்த நோயும் காட்டாமல் குடியிருக்கிறது. விரல் வழியாகச் சம்பலுக்கோ பாற்சோற்றுக்கோ வந்து, மட்டக்களப்பின் பகல் வெக்கையில் சில மணி நேரம் கிடைத்தால் அது பெருகி நஞ்சைச் சுரக்கும். பிறகு சூடாக்கினால் பக்டீரியா சாகும், நஞ்சு சாகாது. உண்டவர் சில மணி நேரத்துக்குள் வாந்தி எடுப்பார். அதற்குள் பஸ் பொலன்னறுவையைத் தாண்டியிருக்கும் என்பதால் கடைக்குப் பெயர் கெடாது.

வெறுங்கையில் சம்பல் பட்டால் பிசுபிசுக்கும், கழுவத் தோன்றும். உறைக்குள் இருக்கும் கைக்கு அந்த அருவருப்பு எட்டுவதில்லை. அதனால் கையுறை போட்டவர் வெறுங்கைக்காரரைவிட அதிக இடங்களைத் துணிந்து தொடுகிறார். ஒரே வேலைக்கு ஒரு சோடி, வேலை மாறினால் வேறு சோடி என்பதே விதி. கழற்றியதைக் கழுவி உலர்த்தித் திரும்பப் போடுவது விதியில் இல்லை. கொடியில் மட்டும் உண்டு.

முதலாளி: இது ஆஸ்பத்திரிச் சாமான் சேர். டொக்டர்மார் போடுறது. அவங்கள விட உங்களுக்குக் கூடத் தெரியுமா?

பரிசோதகர்: அந்த டொக்டர்மார் அத முதல்ல ஏன் போட்டவங்க தெரியுமா? அமெரிக்காவில பால்டிமோர் எண்ட ஊரில ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரி. 1889, 90 காலம். ஹால்ஸ்டெட் எண்ட சத்திரசிகிச்சை டொக்டருக்குக் கீழ கரோலைன் ஹாம்ப்டன் எண்ட தாதி. கை கழுவுற இரசக் கரைசல் அவட கையப் புண்ணாக்கிப் போட்டுது. டொக்டர் குட்இயர் ரப்பர் கம்பனிக்குச் சொல்லி மெல்லிய கையுற செய்விச்சுக் குடுத்தார். 1890இல ரெண்டு பேருக்கும் கலியாணம்.

முதலாளி: அப்ப கிளவுஸ் எண்டது ஒரு கலியாணத்துக்குக் குடுத்த அச்சாரம்!

பரிசோதகர்: நோயாளியக் காப்பாத்த வந்த சாமான் இல்ல எண்டு சொல்லுறன். தாதிட கையக் காப்பாத்த வந்தது. நோயாளிக்கும் நல்லது எண்டு அவங்களுக்கு விளங்கக் கொஞ்ச வருசம் போச்சு. கை கழுவுறது அதுக்கும் முந்தினது.

அந்த முந்திய கதை 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் நடந்தது. அங்கே பிள்ளைப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் பார்த்த பிரிவில் தாய்மார் பிரசவக் காய்ச்சலால் மளமளவென்று இறந்தார்கள். மருத்துவிச்சிகள் பார்த்த பிரிவில் சாவு மிகக் குறைவு. மருத்துவர்கள் பிணம் அறுத்த கையோடு பிரசவ அறைக்கு வருவதைக் கவனித்த இக்னாஸ் செம்மல்வைஸ், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கையைக் கழுவ வைத்தார். ஏப்ரலில் 100க்குச் சுமார் 18ஆக இருந்த இறப்பு, சில மாதங்களில் 2 அளவுக்கு இறங்கியது. கனவானின் கை அழுக்காக இருக்காது என்று நம்பிய மருத்துவ உலகம் அவரைக் கொண்டாடவில்லை. செம்மல்வைஸ் 1865இல் மனநோய் விடுதியில் இறந்தார்.

முதலாளி: கழுவச் சொன்னவருக்கு அந்தக் கதி. பார்த்து நடந்து கொள்ளுங்க சேர்.

பரிசோதகர்: எனக்கு விடுதி இல்ல முதலாளி, இடமாற்றம்தான் வரும். குசினிக்குள்ள போவம்.

குசினியில்தான் கையுறையின் உண்மையான நிலை தெரியவரும். முன்பக்கத்தில் பில் எழுதுபவருக்கும் நீலக் கையுறை; பின்பக்கத்தில் இறால் கோது கழற்றும் பெண்ணுக்கு வெறுங்கை, ஆட்காட்டி விரலில் கத்தி வெட்டு, அதைச் சுற்றிச் சீலைத் துண்டு.

பரிசோதகர்: அக்காட கைக்கு ஏன் கிளவுஸ் இல்ல?

முதலாளி: அவவ ஆர் சேர் பார்க்கிற? சாப்பிட வாற சனம் குசினிக்குள்ள வாறதில்லையே.

பரிசோதகர்: கடையில கிளவுஸ் கட்டாயம் வேண்டியது இவவுக்குத்தான்.

காரணம் இரண்டு பக்கமும் ஓடுகிறது. சீழ் கட்டிய விரல் மேற்சொன்ன ஸ்டெபிலோகொக்கஸுக்குச் சொந்த வீடு; அது உணவுக்கு இறங்கும். இறாலிலிருந்து விரலுக்கு ஏறுவதும் உண்டு. வாவி போன்ற வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ வல்னிபிக்கஸ் என்ற பக்டீரியா வெட்டுக்காயத்தின் வழியாக நுழைந்தால், ஈரல் நோயுள்ளவர்களுக்கும் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கும் உயிராபத்தாகலாம். வெட்டுப்பட்ட கைக்கு நீர் புகாத பிளாஸ்டர், அதன்மேல் கையுறை: இரண்டும் வேண்டும். வாந்தி, வயிற்றோட்டம் உள்ளவருக்கோ கையுறை போதாது. அவர் வீட்டில் இருக்க வேண்டும். சம்பளம் வெட்டாத முதலாளியிடம்தான் அப்படி இருக்க முடியும் என்பதைச் சுகாதாரப் புத்தகங்கள் எழுதுவதில்லை.

பரிசோதகர்: வாசலில இருக்கிற சனிடைசர் போத்தலுக்குள்ள என்ன?

முதலாளி: அது 2020இல வாங்கினது சேர். புனானைக் கம்பஸத் தனிமைப்படுத்தல் நிலையமாக்கின நேரம். சனம் பயந்து கேட்டுது, வெச்சம். முடியுற நேரம் தண்ணி விடுவம். மணத்துக்குக் கொஞ்சம் தேசிக்காய்.

பரிசோதகர்: அப்ப அது சனிடைசர் இல்ல, சர்பத்து.

மதுசாரக் கரைசலில் 100க்கு 60 பங்காவது மதுசாரம் இருந்தால்தான் அது வேலை செய்யும். இருந்தாலும் எண்ணெயும் மீன் செதிலும் படிந்த கையில் அது எடுபடாது. வாந்தி, வயிற்றோட்டத்தைப் பரப்பும் நோரோ வைரஸிடமும் அதற்கு வலு குறைவு. சவர்க்காரமோ கொழுப்பைப் பிரித்து, கிருமியைக் கழற்றித் தண்ணீரோடு அனுப்பிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் முழுக் கழுவலுக்கு 40 முதல் 60 விநாடி. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரல், நக நுனி எல்லாம் அதில் அடக்கம். இந்த ஊரில் அந்த ஒழுங்கு தெரியாமல் இல்லை, முன்பின் மாறியிருக்கிறது. சாப்பிட முன் விரல் நுனியை நனைப்பவர்கள், சாப்பிட்ட பின் மீன் கறி மணம் போக மூன்று தரம் தேய்க்கிறார்கள். பிறகு அந்தச் சுத்தமான ஈரக் கையைப் பழைய பத்திரிகைத் துண்டிலோ சாரத்திலோ துடைத்துக்கொள்கிறார்கள். ஈரக் கை உலர்ந்த கையைவிட எளிதாகக் கிருமியை ஏற்றி இறக்கும் என்பதால் துடைக்கும் துணியும் கழுவலில் ஒரு பகுதியே.

முதலாளி: ஒரு கதை கேட்கவா சேர்? போன மாசம் ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனன். கை கழுவும் முறை எண்டு சுவரில படம். படத்துக்குக் கீழ பேசின். பேசினில சவர்க்காரமும் இல்ல, தண்ணியும் இல்ல.

பரிசோதகர்: அத எழுதுற புத்தகம் எங்களுக்குத் தரல்ல முதலாளி.

இந்த அடியைப் பரிசோதகர் மறுக்க முடியாது. தண்ணீரும் சவர்க்காரமும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் படம் ஒட்டுவதும் கையுறை மாட்டுவதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மருத்துவமனையிலும் கையுறை கழுவலுக்குப் பதிலாகவில்லை. நோயாளியைத் தொடுமுன், கிருமியற்ற செயலைத் தொடங்குமுன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய செயலின்பின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சூழ்ந்த பொருட்களைத் தொட்டபின் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களும் கையுறை போட்டாலும் போடாவிட்டாலும் கையைச் சுத்தப்படுத்தச் சொல்கின்றன. 2025 மே 5ஆம் திகதி உலகக் கைச் சுகாதார நாளுக்கு அந்நிறுவனம் எடுத்த பொருளே கையுறைதான்: அது சில வேளைகளில் தேவைப்படலாம், கைச் சுத்தம் எல்லா வேளையும் தேவை. புதிய கையுறையிலும் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கலாம். உள்ளே கை வியர்க்கும். கழற்றும்போது வெளிப்பக்கம் விரலில் படும். மணிக்கட்டருகே வெளிப்பக்கத்தைக் கிள்ளி முதலாவதை உட்புறம் வெளியே வரும்படி உரித்து, அதை மற்றக் கையில் பொத்திக்கொண்டு, வெறும் விரலை இரண்டாவதன் விளிம்புக்குள் விட்டு அதையும் அப்படியே உரிக்க வேண்டும். பிறகு கை கழுவ வேண்டும். பல்லால் இழுத்துக் கழற்றுவது கடை வழக்கம்.

முதலாளி: எல்லாம் சரி சேர். ஆனா கிளவுஸ் போட்டா சனம் காணுது. கை கழுவினத ஆர் காணுற? பொடியன் பின்னுக்குப் போய்க் கழுவிப் போட்டு வந்தா, எங்க போய்ட்டு வாறான் எண்டுதான் நினைப்பாங்க.

பரிசோதகர்: பேசின முன்னுக்குக் கொண்டு வாங்க. இடியப்பப் பெட்டிக்குப் பக்கத்தில. முழங்கையால தட்டித் திறக்கிற பைப், சவர்க்காரம், துடைக்கக் கடதாசி. இடியப்பம் எடுக்க இடுக்கி. காசு வாங்க வேற ஆள்.

முதலாளி: பேசின் வந்தா ஒரு மேசை போகும் சேர். மேசைக்கு நாலு பேர்.

பரிசோதகர்: கிளவுஸ் பெட்டி மாசத்துக்கு எத்தின முடியுது?

முதலாளி: சரியா விதிப்படி மாத்தினாலா, இப்ப மாத்துற மாதிரியா?

பரிசோதகர்: விதிப்படி.

முதலாளி: (கல்குலேட்டரில் தட்டிவிட்டு) பேசின் எந்தப் பக்கம் வைக்கிற எண்டு காட்டுங்க சேர்.